அருமையான பீடிகை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. அந்த நான்காவது, என் தங்கை மகள். இன்றைக்கு அவள் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை. அவளுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம், அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம், அதில் அவளை வளர்த்தவள் என்ற முறையில் நானும் நாலு வரி சொல்ல வேண்டுமாம். போன வாரம் அவளே போன் செய்து கேட்டாள். "பெரியம்மா, நான் பயிற்சி ஆசிரியரா இருந்த காலத்தப் பத்திச் சொல்லுங்க. அதுக்கு நீங்கதான் சாட்சி" என்றாள். சாட்சி என்று அவள் வாயாலேயே சொன்ன பிறகு நான் பொய் சொல்ல முடியாது. என் மகன் வயிற்றுப் பேத்தி கைப்பேசியில் எழுதிக்கொள்கிறாள். நான் பேசுவது பேச்சுத் தமிழ், அவள் அதைப் புத்தகத் தமிழாக மாற்றித் தட்டுகிறாள். மாற்றட்டும். விஷயத்தை மாற்றாமல் இருந்தால் சரி.

நாங்கள் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். நான் பால்மரம் வெட்டியவள், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். என் தங்கை மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது இந்தப் பெண்ணுக்கு நான்கு வயது. அவள் அப்பன் சிங்கப்பூரில் வேலை என்று சொல்லிப் பாலத்தைத் தாண்டினான், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். பிள்ளையை என் வீட்டு வாசலில் விட்டபோது ஒரு பிஸ்கட் டின்னில் அவள் துணிகளை வைத்துக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து அவள் என் பிள்ளை. என் வயிற்றில் பிறந்த மூன்றும் படிப்பில் சுமார்தான், இவள்தான் கெட்டி. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாசாய்க்கு வந்து ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறினேன். காலையில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகக் கிளம்பிப் போகும் சத்தத்தில்தான் அங்கே விழிப்பு வரும். என் மகள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். நான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனேன். நாங்கள் இரண்டு பேரும் உழைத்தோம், இவள் படித்தாள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் கொஞ்ச நாள் உட்கார்ந்தேன். தம்பி பிறந்தான், அவனைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, என் படிப்பு நின்றது. அ, ஆ, இ, ஈ எல்லாம் எனக்குப் பாட்டாகத் தெரியும். எழுத்தின் முகம் தெரியாது. ஆனால் நான் யாரிடமும் போய், இது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவள் இல்லை. பஸ்ஸை நிறத்தைப் பார்த்து ஏறுவேன். யாராவது தாளை நீட்டினால், கண்ணாடி எடுத்து வரவில்லை என்பேன். கண்ணாடி என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. இதெல்லாம் வீட்டில் இவள் ஒருத்திக்குத்தான் முழுதாகத் தெரியும். ஏனென்றால் சின்ன வயதிலிருந்து எனக்கு வந்த தாள்களை எல்லாம் யாருக்கும் கேட்காமல் மெல்லிய குரலில் படித்துச் சொன்னவள் அவள்தான்.

இவள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, கடைசியில் பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்திப் பழகும் காலம் வந்தது. பிராக்டிகம் என்பார்கள். மூன்று மாதம் நடத்த வேண்டும், கல்லூரியிலிருந்து வந்து பார்ப்பார்கள், அதில் தேறினால்தான் வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று எழுதிக் கேட்டாள், நான் கூட்டும் பள்ளியே கிடைத்தது. எனக்கு ஒரே பெருமை. முதல் நாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே நடந்துபோனோம். பள்ளிக்கூட வேலி கண்ணுக்குத் தெரிந்ததும் அவள் நின்றாள். "பெரியம்மா, தப்பா நெனைக்காதீங்க. உள்ள போனதும் என்ன பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. டீச்சர்னு கூப்பிடுங்க. நானும் உங்கள மத்தவங்க மாதிரி ஆண்ட்டின்னு கூப்பிடுறேன். மாணவர்களுக்குத் தெரிஞ்சா மதிக்க மாட்டாங்க" என்றாள். நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. முன்னால் போ என்று சொல்லிவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒட்டுக்கடையில் நின்று ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பின்னால் போனேன்.

அவளுக்குக் கொடுத்தது நான்காம் ஆண்டின் பின் வகுப்பு. படிப்பு ஏறாத பிள்ளைகள் என்று ஒதுக்கி வைத்த வகுப்பு. முதல் வாரம் அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் வெளியே நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருப்பேன், உள்ளே சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஆசிரியர், இவன் காச்சோ பண்றான். ஆசிரியர், தண்டாஸ் போகணும். ஆசிரியர், இவ என் பென்சில எடுத்துட்டா. காச்சோ என்றால் மலாயில் தொந்தரவு, தண்டாஸ் என்றால் கக்கூஸ். இவள் மணிலா அட்டையில் வண்ணவண்ணமாகப் படம் வரைந்து ஒட்டி, கல்லூரியில் சொல்லிக் கொடுத்த மாதிரி புன்னகையோடு, "மாணவர்களே, மாணவர்களே" என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். ஒரு பையன், "ஆசிரியர், உங்களுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு, தண்ணி குடிச்சிட்டு வந்து கத்துங்க" என்று நல்ல மனசோடு சொன்னான். வகுப்பே சிரித்தது. நானும் வெளியே துடைப்பானைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குத்தான் வீட்டில் ஒத்திகை ஆரம்பித்தது. மறுநாள் நடத்தப்போகும் பாடத்தை முதல் நாள் மாலையே நடத்திப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு வகுப்பு வேண்டும். நான்தான் வகுப்பு. துணி காயப்போடும் கயிற்றை வீட்டுக்குள் குறுக்கே கட்டி, கிளிப்பை மாட்டி, சொல்லட்டைகளை வரிசையாகத் தொங்கவிடுவாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக நின்றார். நான் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பேன். "வணக்கம் மாணவர்களே" என்பாள். நான் எழுந்து நின்று, "வணக்கம் ஆசிரியர்" என்று அந்தப் பிள்ளைகள் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொல்ல வேண்டும். மீன் கையோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். "பெரியம்மா, இப்ப நீங்க பின் வரிசைல இருக்கிற மக்குப் புள்ள மாதிரி நடிங்க. நான் என்ன கேட்டாலும் முழிங்க" என்பாள். எனக்கு நடிக்கத் தேவையே இல்லை.

ஆனால் முழித்துக்கொண்டே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு எழுத்தைக் கோலால் தொட்டு மூன்று தடவை சொல்வாள், மறுபடி சொல் என்பாள், தெரியாத மாதிரி முழித்தால் பொறுமையாக இன்னொரு தடவை தொடுவாள். ஐம்பது வயதில் எனக்கு அந்தக் கோல் போகும் வழி பிடிபட ஆரம்பித்தது. பாட்டாகத் தெரிந்தவை ஒவ்வொன்றாக முகம் காட்டின. காலையில் பள்ளியைக் கூட்டும்போது சுவரில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகச் சேர்த்துப் பார்ப்பேன். நானே சேர்த்துப் படித்த முதல் சொல் என்ன தெரியுமா? கழிப்பறை. அந்தக் கதவை நான் எத்தனையோ வருடமாகத் துடைத்திருக்கிறேன். பாவாடை போட்ட பொம்மையைப் பார்த்துத்தான் பெண்பிள்ளைகள் பக்கம் எது என்று தெரியும். அன்றைக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று படித்தேன். யாரும் பார்க்கவில்லை.

இவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு ஒரு ஆசை இருந்தது. அவளாகக் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், கேட்டால் பாதிக் கேள்விக்கு என்னையறியாமல் சரியான அட்டை பக்கம் கண் போகிறது. ஆசிரியர்தானே, கண்டுபிடிப்பாள் என்று இருந்தேன். அவள் கண் எப்போதும் கைக்கடிகாரத்தில் இருந்தது.

ஒரு பாடத்துக்கு இத்தனை நிமிடம், ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை நிமிடம் என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. பாடத்தின் தொடக்கத்தில் பிள்ளைகளின் கவனத்தை இழுக்க ஏதாவது ஒன்றைக் காட்டியோ சொல்லியோ ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பெயர் பீடிகை. இந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்தேன். எங்கள் தோட்டத்தில் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால், பீடிகை போடாம விஷயத்துக்கு வா என்போம். வகுப்பில் அதுவே ஒரு வேலை, அதற்கும் மார்க் உண்டு.

முதல் தடவை அவள் பாடத்தைப் பார்த்தது அவளுடைய வழிகாட்டி ஆசிரியை. அந்தப் பள்ளியின் மூத்த ஆசிரியை, செட்டிநாட்டுப் பக்கத்து வியாபாரக் குடும்பம், தெப்ராவில் பெரிய வீடு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், என்னைப் பார்த்தால் சாப்பிட்டீங்களா என்று கேட்பார். அன்றைக்கு நான் ஜன்னலுக்கு வெளியே சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். இவள் ஒரு பெண்பிள்ளையை எழுப்பி ஒரு வரியை வாசிக்கச் சொன்னாள். இரட்டைச் சடை போட்ட, திக்கிப் பேசுகிற பிள்ளை. எழுந்து நின்று உதட்டை அசைக்கிறது, சத்தம் வரவில்லை. மற்றதுகள் சிரிக்க ஆரம்பித்தன. இவள் கையைக் காட்டி அடக்கிவிட்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றாள். காத்திருந்தாள். நானும் கூட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாக எடுத்துச் சேர்த்து வரியை முடித்தது. இவள் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. அவள் கல்யாணத்திலும் பார்க்கவில்லை.

அதற்குள் மணி அடித்துவிட்டது. பாடம் முடியவில்லை. வழிகாட்டி ஆசிரியை மார்க்கைக் குறைத்துப் போட்டுவிட்டார். ஆசிரியர் அறையில் வைத்து அவர் சொன்னதை, தரை துடைத்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன். "ஒரு பிள்ளைக்காக நின்னீங்கன்னா, பாடம் ஊறிப்போன பிஸ்கோத்து மாதிரி ஆயிடும். தெரியலன்னா விட்டுட்டு அடுத்த பிள்ளைக்குப் போங்க. அப்புறம், உங்க பீடிகைல உயிரே இல்ல. எப்பப் பாத்தாலும் படம். மெய்யான பொருளக் கொண்டு வாங்க, பிள்ளைங்க அதிரணும்" என்றார். இவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை அட்டையைத் தொங்கவிடவில்லை. பாயில் குப்புறப் படுத்து அழுதாள். கடைசிப் பார்வைக்குக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளரே வருவார், அதிலும் இப்படி ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகும் இவள் மாணவியாகவே இருக்க வேண்டும். நான் முதுகைத் தடவிக்கொண்டே, "அந்தப் புள்ள படிச்சிருச்சேம்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "அது படிச்சா எனக்கு மார்க்கா போடுவாங்க?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் தேற வேண்டும் என்பது அவளைவிட எனக்குத்தான் பெரிது. தங்கை சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இந்தப் பிள்ளை மரம் வெட்டக் கூடாது என்பதைத்தான்.

விரிவுரையாளர் வருகிற அன்று காலையில், இவள் கூந்தலைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "பெரியம்மா, இன்னிக்கு நான் ஆள் அனுப்புனா நீங்க விளக்குமாத்தோட வகுப்புக்கு வாங்க. ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நின்னாப் போதும்." எதற்கு என்று கேட்டேன். "அது சஸ்பென்ஸ்" என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறாளே என்று நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. மறைக்காமல் சொல்கிறேன். பெரிய மனிதர் வருகிறார், அவர் முன்னால் இவள் என்னை நிறுத்தி, இவர் என் பெரியம்மா, இவருக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லப்போகிறாளோ என்று நினைத்துவிட்டேன். ஒரு வேளை கண்டுபிடித்துவிட்டாளோ என்று. தீபாவளிக்கு மகள் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அந்தத் தென்னங்குச்சி விளக்குமாற்றையும் குழாயடியில் கழுவி வெயிலில் காயவைத்தேன்.

ஒரு பையன் வந்து கூப்பிட்டான். உள்ளே போனேன். பின்னால் விரிவுரையாளர் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் தூக்கி நிற்க உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வழிகாட்டி ஆசிரியை. இவள் என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். "மாணவர்களே, இந்த ஆண்ட்டி கையில என்ன இருக்கு?" என்றாள். "வெளக்கமாறு!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். ஒரு குறும்புக்காரன் மட்டும், "பெஞ்ஞாப்பு, ஆசிரியர்" என்று மலாயில் சொல்லிப் பக்கத்துப் பையனிடம் தலையில் குட்டு வாங்கினான். அன்றைய பாடம் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும். நாம் வாயால் சொல்வது ஒன்று, எழுதும்போது வருவது ஒன்று. அது எனக்கு அப்போது தெரியாது. இவள் மேசையிலிருந்து ஒரு சொல்லட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, "ஆண்ட்டி, இத வாசிங்க" என்றாள்.

சும்மா நின்றால் போதும் என்றாளே என்று ஒரு நொடி திகைத்தேன். பிறகு அட்டையைப் பார்த்தேன். இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எழுத்தே தெரியாதவளாக இருந்திருந்தால் நான் அந்த நொடியே சொல்லியிருப்பேன். கையில் இருப்பது வெளக்கமாறு, பிள்ளைகள் கத்தியது வெளக்கமாறு, அட்டையில் வேறு என்ன இருக்கப் போகிறது? ஆனால் எனக்கு எழுத்துத் தெரிந்துவிட்டதே. முதல் எழுத்தைப் பார்த்தேன். அது 'வெ' இல்லை. கொம்பு இல்லை. அது 'வி'. அப்படியானால் இது வெளக்கமாறு இல்லை, வேறு ஏதோ சொல் என்று நினைத்து, அடுத்த எழுத்துக்குப் போனேன். ள. அடுத்தது புள்ளி வைத்த க். எனக்கு வேர்த்தது. கு. இப்போது வாயில் இருந்த சொல்லும் அட்டையில் இருந்த சொல்லும் ஒன்றாகச் சேர்ந்தன. அட, நம்ம வெளக்கமாறுதான், இதை இப்படியா எழுதுவார்கள் என்று எனக்குள் ஒன்று திறந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "வாசிக்கத் தெரியலையா ஆண்ட்டி? பரவாயில்ல" என்று அட்டையைத் தாழ்த்திவிட்டு வகுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். "மாணவர்களே, சின்ன வயசுல படிக்காம விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். "வெளக்கமாறு பிடிக்கணும், ஆசிரியர்!" என்றார்கள் அத்தனை பேரும். விரிவுரையாளர் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

விளக்குமாறு என்ற சொல் என் நாக்கில் இருந்தது. முழுதாக இருந்தது. சொல்லியிருந்தால் பிள்ளைகள் அதிர்ந்திருப்பார்கள், ஆனால் அவள் திட்டம் போட்டபடி இல்லை. அவள் பீடிகை உடைந்திருக்கும், பாடம் தடுமாறியிருக்கும், அந்த மனிதர் சிரித்த முகத்தை மாற்றிக்கொண்டு பேனாவை எடுத்திருப்பார். நான் அவளைப் பார்த்தேன். அவள் முதுகுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். "நன்றி ஆண்ட்டி, நீங்க போகலாம்" என்றாள். நான் தலையைக் குனியாமல்தான் வெளியே வந்தேன். அதை இந்த இடத்தில் பேத்தி கட்டாயம் எழுத வேண்டும்.

பாடம் முடிந்து அந்த விரிவுரையாளர் நடைபாதையில் என்னைக் கடந்து போனபோது நின்று, "நல்லா ஒத்துழைச்சீங்கம்மா" என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "அருமையான பீடிகை" என்றார். ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் படிக்கணும், படிக்கணும் என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகள்தானே, சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்வார்கள். அந்த இரட்டைச் சடைப் பெண் மட்டும் குழாயடியில் என் பக்கத்தில் வந்து கையைக் கழுவிக்கொண்டே நின்றது. திக்கித் திக்கி, "ஆண்ட்டி, நீங்க படிக்கப் போனீங்க. நான் பாத்தேன். வாய் அசஞ்சிச்சு" என்றது. போய்ச் சாப்பிடு, மணி அடித்துவிடும் என்று அனுப்பினேன்.

மாலையில் இவள் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தாள். முகம் பூத்திருந்தது. தேறிவிட்டது உறுதி என்று வழிகாட்டி ஆசிரியையே சொல்லிவிட்டாராம். விரிவுரையாளர் மற்ற மாணவர்களுக்கும் இந்தப் பீடிகையை எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறாராம். தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே, "கோவமா பெரியம்மா? சும்மா பாடத்துக்குத்தான. யாருக்கும் நீங்க என் பெரியம்மான்னு தெரியாதுல்ல" என்றாள். அதைத்தான் அவள் ஆறுதலாகச் சொன்னாள். நான் வேர்க்கடலைக் குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். பிறகு, "கொஞ்சம் பொறுத்திருந்தா நான் வாசிச்சிருப்பேம்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். சிரித்துவிட்டு, "நல்ல வேள வாசிக்கல. நீங்க வாசிச்சிருந்தா என் பாடம் போயிருக்கும்" என்றாள்.

மறுநாள் வழக்கம் போலக் கயிற்றைக் கட்டினாள். அவளுக்கு இன்னும் சில வாரம் பாக்கி இருந்தது. வாங்க பெரியம்மா என்று கூப்பிட்டாள். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அதற்கு அடுத்த நாளும் அடுப்பில் வேலை இருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. அலமாரிக் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்க்கப் பழகிக்கொண்டாள். அது அவளுக்கு இன்னும் வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். கண்ணாடி எழுந்து நின்று வணக்கம் சொல்லாது, ஆனால் அவளைக் காக்க வைக்காது, அவள் முடிக்கும்போதே தானும் முடித்துவிடும். என் படிப்பு அந்த இடத்தில் நின்றது. அவள் எனக்குக் கைபிடித்துக் காட்டிய எழுத்துகள்தான் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. 'ணை', 'னை' வந்தால் தடுமாறுவேன். நாளிதழில் தலைப்பைப் படிப்பேன், கீழே இருக்கும் பொடி எழுத்தில் மூச்சு முட்டும். பேத்தி சொல்லித் தருகிறேன் என்றாள். ஒரு ஆசிரியரிடம் படித்தது போதும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் தேறினாள், வேலை கிடைத்துப் பேராக் பக்கம் போனாள், கல்யாணம் கட்டினாள், திரும்பி வந்தாள். நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றினாள் என்று சொல்கிறார்கள், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் புடவை எடுத்து வந்து காலில் விழுவாள். நான் ஆசீர்வாதம் செய்வேன். எங்களுக்குள் சண்டை கிடையாது. அந்த நாளைப் பற்றிய பேச்சும் கிடையாது.

போன வருடம் பேத்தி கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். ஏதோ பரிசளிப்பு விழா மேடை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இவள் பேசுகிறாள். "என்னை வளர்த்த தெய்வம் என் பெரியம்மா. அவர் ஒரு கைநாட்டு. துப்புரவுப் பணியாளர். நான் பயிற்சி ஆசிரியராக இருந்தபோது, ஒரே ஒரு சொல்லை வாசிக்க முடியாமல் என் மாணவர்கள் முன்னால் கண் கலங்கி நின்றார். அந்தக் கண்ணீர்தான் என்னை ஆசிரியராக்கியது" என்கிறாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பேத்திக்கும் கண் கலங்கியது. அதை நிறுத்தச் சொன்னேன்.

நான் அழவில்லை. கைநாட்டும் இல்லை. அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு சம்பளத் தாளிலும் என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். என்னைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்த அன்றைக்கு நான் ஆண்ட்டி. சொன்னால் கைதட்டல் விழும் இன்றைக்கு நான் தெய்வம். இரண்டு தடவையும் என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தியது அவள்தான், இரண்டு தடவையும் நான் வாய் திறக்கும் வரை அவள் நிற்கவில்லை. அவள் ஊருக்கே பாடம் நடத்துகிறாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக எழுத்துச் சொல்லிக் கொடுத்து, வாசிக்கக் கற்றுக்கொண்ட முதல் மாணவி யார் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

மலரில் இதைப் போடுவார்களோ மாட்டார்களோ. நாலு வரி கேட்டாள், நாற்பது வரிக்கு மேல் போயிருக்கும். பேத்தி கொஞ்ச நேரமாகத் தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். "பாட்டி, அத்த கோவிச்சுக்கப் போறாங்க. கடைசில கொஞ்சம் மாத்தி, வாழ்த்துகிறேன்னு போட்டு முடிச்சிரவா?" என்கிறாள்.

நீ ஒன்றையும் மாற்றாதே. நான் சொன்னது அதில் அப்படியே இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். எங்கே, எழுபத்தாறு வயது என்று ஆரம்பித்தாயே, அங்கிருந்து வாசி. உனக்கு எங்கேயாவது தடுக்கினால் நின்றுகொள், அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வரியையும் தாண்டிப் போகாதே.